இரண்டு கரு வைத்தால் செலவு மிச்சமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 36,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறேன். கணவர் சிறிய பிரிண்டிங் பட்டறை நடத்துகிறார். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சையில் எங்களுக்கு மூன்று கருக்கள் உறைநிலையில் உள்ளன. ஒருமுறை கரு வைக்க 80,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மருத்துவர் ஒரு கரு போதும் என்கிறார். வீட்டில் இரண்டு வைத்தால் செலவு மிச்சம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கும்படி மாமியார் சொல்கிறார். கையில் 5.5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும் 20 பவுன் நகையும் உள்ளன. அலுவலகக் குழுக் காப்பீட்டில் மொத்தம் 3 லட்சம், அதில் மகப்பேறுக்கு 50,000 ரூபாய் வரை கிடைக்கும். எப்படித் திட்டமிடுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: எத்தனை கரு வைப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வீட்டார் அதைச் செலவுக் கணக்காகப் பேசுவதால், அந்தக் கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன். இரண்டு கருக்களை ஒரே முறையில் வைத்தால் அதிகபட்சம் மிச்சமாவது 80,000 ரூபாய். அதற்கு ஈடாக நீங்கள் ஏற்றுக்கொள்வது இரட்டைக் கர்ப்பத்துக்கான வாய்ப்பை. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டு குழந்தைகள் 15 நாள் இருந்தாலே 4.5 லட்சம் ரூபாய் ஆகிவிடும். ஒவ்வொன்றாக இருமுறை வைத்தாலும், இரண்டையும் சேர்த்து ஒருமுறை வைத்தாலும், குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அந்த 80,000 ரூபாயை மிச்சமாக நான் எண்ணமாட்டேன்.

வேலையை விட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்களாவது வேலை செய்திருந்தால் சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு உங்களுக்கு உண்டு; உங்கள் சம்பளத்தில் அது சுமார் 2.16 லட்சம் ரூபாய். கரு கலைந்துவிட்டால் ஆறு வாரமும், கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் குன்றினால் கூடுதலாக ஒரு மாதமும் சம்பளத்துடன் விடுப்பு கேட்கலாம். வேலையை விட்டால் இவற்றோடு குழுக் காப்பீடும் போய்விடும். கரு வைத்தபின் படுத்தே இருந்தால்தான் தங்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் ஏதுமில்லை என்பதை உங்கள் மருத்துவரே மாமியாரிடம் சொன்னால் எடுபடும். கணக்குப் போட்டுக் காட்டினால் எடுபடாது.

காப்பீட்டில் 50,000 என்ற எண்ணைவிட அதன் நிபந்தனைகளே முக்கியம். குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா, அது அந்த 50,000 ரூபாய்க்குள் அடங்குமா அல்லது 3 லட்சம் முழுவதும் கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். இரத்த அழுத்தம் ஏறியோ இரத்தப்போக்கு ஏற்பட்டோ ஏழாம் மாதத்தில் நீங்கள் அனுமதிக்கப்பட்டால், அந்தச் செலவு எந்த வரம்பில் சேரும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கருத்தரிப்புச் சிகிச்சைக்கான செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. ஆனால் கர்ப்பம் உறுதியானபின் வரும் சிக்கல் வேறு விஷயம். ஐவிஎஃப் கர்ப்பம் என்பதை எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள், மறைத்ததே பிறகு கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகிவிடும். மகப்பேறுக்கே விலக்கு உள்ள பாலிசிகளிலும்கூட, கருப்பைக்கு வெளியே கரு தங்குவதற்கான சிகிச்சை பொதுவாக அந்த விலக்கில் சேராது. ஐவிஎஃப்பில் அந்த ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இப்போது தனியாக மகப்பேறு பாலிசி எடுப்பது இந்தக் கர்ப்பத்துக்கு உதவுவது அரிது, ஏனெனில் அவற்றில் பலவற்றுக்குக் காத்திருப்புக் காலமே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்.

இனி உங்கள் 5.5 லட்சம். 1.6 லட்சத்தை இரண்டு முறை கரு வைப்பதற்கு ஒதுக்குங்கள். உறைகருவைப் பாதுகாக்கும் ஆண்டுக் கட்டணம் அதில் அடங்கியுள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 90,000 ரூபாயைக் கர்ப்பகால மருந்து, பரிசோதனை, ஸ்கேன்களுக்கு வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஐவிஎஃப் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சுக்கொடி கீழிறங்கி அமைவது ஆகியவை சற்று அதிகமாகக் காணப்படுவதால், தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதுதான் பின்னால் வரும் பெரிய பில்லைத் தடுக்கிறது. வீட்டில் ஓர் இரத்த அழுத்தமானி வாங்கி வையுங்கள். அழுத்தம் ஏறும் ஆபத்து இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவதுண்டு. அது உங்களுக்குத் தேவையா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீதி 3 லட்சம் பிரசவத்துக்கும் குழந்தையின் சிகிச்சைக்கும். அதைப் பட்டறையின் நடைமுறைச் செலவுக்குக்கூடத் தொடாமல், எந்த நாளும் எடுக்கக்கூடிய வைப்பு நிதியில் போடுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள்; நாள் வாடகை, செயற்கைச் சுவாசக் கருவிக்கான கட்டணம், முன்பணம் ஆகியவற்றை ஆறாம் மாதத்துக்குள் விசாரித்துவிடுங்கள். குழந்தை பல வாரம் தங்க நேர்ந்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் ஒரு வழியாக மனத்தில் வையுங்கள். நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை, அங்கே போவதில் கௌரவக் குறைச்சலும் இல்லை.

நகையை இப்போது அடகு வைக்காதீர்கள். நகைக்கடன் அன்றைக்கே கிடைக்கக்கூடியது என்பதால், தேவை வருமுன் வாங்கி வட்டி கட்டுவதில் பொருளில்லை. 20 பவுனும் வங்கி லாக்கரில் இருந்தால், கணவர் தனியாகச் சென்றாலும் திறக்க முடிகிறபடி லாக்கர் உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.