ஏவுகணையைக் கண்டவர்கள்

அன்புள்ள ஐயா,

விமான விபத்து அறிக்கைகளை நம்பலாம் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். 1996 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி 12 நிமிடத்தில் வெடித்த டிடபிள்யூஏ 800 என்ற அமெரிக்க விமானம்? ஏவுகணை போல ஒளிக்கீற்று பாய்ந்ததை நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிபுணர்களோ எரிபொருள் தொட்டி வெடித்தது என்றார்கள். கண்ணால் கண்டவனை நம்பக்கூடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கண்டவர்களை நம்புகிறேன். ஒளிக்கீற்றைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 258 பேர், அத்தனை பேரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் எப்போது பார்த்தார்கள்? பலர் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்திருக்கிறார்கள், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வெடித்த சத்தம் கரைக்கு வர நாற்பது நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் விமானத்தின் முன்பகுதி ஒடிந்து விழுந்து மீதி உடல் எரிந்துகொண்டே போயிருக்கிறது. அவர்கள் பார்த்த ஒளி அதுதான் என்கிறது விசாரணை.

சரி, இதையும் நம்ப வேண்டாம். கடலுக்கடியிலிருந்து விமானத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு வந்து ஒரு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், ஒட்டவைத்தார்கள். ஏவுகணை அடித்தால் தகட்டில் குழிகுழியாகத் தடம் விழும். அது எதிலும் இல்லை. சில துண்டுகளில் வெடிமருந்தின் சுவடு கிடைத்தது உண்மை; மோப்ப நாய்ப் பயிற்சியில் ஒட்டியிருக்கலாம் என்ற விளக்கம் எனக்கும் அரைகுறையாகத்தான் படுகிறது. இன்னொன்று, தொட்டியை வெடிக்கவைத்த தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம் என்று 2000-இல் வந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. நாலு வருடம் மெனக்கெட்டவர்கள் இப்படி எழுதியதால்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

நிபுணர் சொன்னால் வேதவாக்கா என்றால், இல்லை. 1979-இல் ஏர் நியூசிலாந்து விமானம் அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். முதல் அறிக்கை விமானி மேல் பழியைப் போட்டது. அப்புறம் வந்த நீதிபதி பீட்டர் மஹோன் அதை ஏற்கவில்லை. விமானிகளுக்கு முன்கூட்டிக் காட்டிய பாதை ஒன்று, கிளம்பும் நாள் அதிகாலையில் கம்ப்யூட்டரில் மாற்றிய பாதை வேறு, புதுப் பாதை நேராக மலைமேல் போகிறது, விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை! அவர் காட்டியது எண்களை, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

ஏவுகணை என்பவர்கள் அந்த ஹேங்கரில் ஒட்டவைத்த தகடுகளில் எதைக் காட்டுகிறார்கள்? தெரிந்தால் எழுதுங்கள்.