டீசல் கேனை முதலில் காட்டுங்கள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தனுஷ்கோடியில் 20 நிமிட த்ரில்லர் குறும்படம் எடுக்கப்போகிறோம். கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். வில்லன் யார் என்பதைக் கடைசி வரை மறைத்திருக்கிறோம். இடிந்த தேவாலயத்தில் பேய், அதிர வைக்கும் பின்னணி இசை எல்லாம் உண்டு. படித்தவர்களோ 'டென்ஷனே வரலை' என்கிறார்கள். மறைப்பதுதானே சஸ்பென்ஸ்? எங்கே தவறு?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மறைத்ததுதான் தவறு, தம்பி.

உங்கள் கதையில் வெளியூர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். உள்ளூர் நண்பன் தன் வள்ளத்தையும், அதை ஓட்ட ஒரு சிறுவனையும் கொடுத்துத் தீவுக்கு அனுப்புகிறான். நடுக்கடலில் என்ஜின் நிற்கிறது. டீசலில் தண்ணீரைக் கலந்தவன் நண்பன்தான் என்பது 19-வது நிமிடத்தில் தெரிகிறது. அதுவரை பார்ப்பவருக்கு அவன் ஒரு நல்ல நண்பன், அது ஒரு சாதாரண வள்ளப் பயணம். அவர் எதை நினைத்துப் பயப்படுவார்?

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை அழித்த புயலின் அலை பயணிகளோடு இழுத்துக்கொண்டது என்று நம் கடற்கரையில் தெரியாத பிள்ளை கிடையாது. எங்கள் அப்பத்தா ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கதையைச் சொல்வார். சிக்னல் விழாமல் ரயில் இருட்டில் நின்ற இடம் வந்ததும் திண்ணையில் சத்தமே இருக்காது. "டிரைவரு நீளமா ஊதுனாரு. பதிலே இல்ல. மெல்ல வண்டிய எடுத்தாரு..." என்பார். "எடுக்காதீங்கய்யா!" என்று என் தம்பி கத்துவான். ஒரு வருஷம் இல்லை, எல்லா வருஷமும் கத்தினான். முடிவு தெரிந்திருந்ததால்தான் கத்தினான். ரயிலில் இருந்தவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது, அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. நீங்கள் கேட்கிற டென்ஷன் அதுதான்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோவிடம் இதையே வேறு விதமாகச் சொன்னார். மேஜைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம்.

மறைத்தும் நல்ல படம் எடுக்கலாம், மறுக்கவில்லை. எஸ்.பாலசந்தர் 1954-ல் எடுத்த, ஒரு பாட்டுகூட இல்லாத 'அந்த நாள்' அப்படிப்பட்டது. ஆனால் அங்கே தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. சந்தேகம் ஒருவர் மாற்றி ஒருவர் மேல் நகர, பார்ப்பவரும் துப்பறிகிறார். உங்கள் கதையில் சந்தேகப்படவே ஆள் இல்லை.

ஆகவே முதல் இரண்டு நிமிடத்திலேயே நண்பன் கேனில் கடல்நீரைக் கலப்பதைக் காட்டிவிடுங்கள். வசனம் வேண்டாம், அவன் கை மட்டும் போதும். பிறகு நீங்கள் எழுதியிருக்கிற அதே காட்சிகளை ஒரு வரி மாற்றாமல் எடுங்கள். நண்பன் மீன்குழம்பு ஊற்றும்போதும், "பத்திரமா போயிட்டு வாங்க சார்" என்று கையசைக்கும்போதும் பார்ப்பவர் வயிற்றில் என்னமோ செய்யும். வள்ளத்தில் அந்தக் கேன் எந்த மூலையில் இருக்கிறது, கரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதையும் ஒரே ஷாட்டில் புரியவையுங்கள். இடம் குழம்பினால் பயமும் கலைந்துவிடும். இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதைக் காட்டுங்கள். கூண்டைப் பார்த்த பெண்கள் அடுத்து கடலைத்தான் பார்ப்பார்கள். அந்த முகங்களைக் காட்டிவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு போகும் வள்ளத்துக்கு வாருங்கள்.

இசை பற்றி. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' 1963-ல் வந்தது. அதில் வழக்கமான பின்னணி இசையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் சிகரெட் பிடித்தபடி காத்திருக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால், விளையாட்டுக் கம்பியில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பிறகு இன்னும் சில. அவள் திரும்பவில்லை, பாட்டும் நிற்கவில்லை. கடைசியில் வானத்தில் பறக்கிற ஒற்றைக் காகத்தைக் கண்ணால் தொடர்ந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறாள். கம்பி முழுக்கக் காகம். டிரம்ஸ் அடித்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். உங்கள் வள்ளத்தில் என்ஜின் சத்தம் இருக்கிறதே, அதைவிட என்ன இசை வேண்டும்? ஒரு முறை இருமட்டும். சரியாகட்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இருமட்டும்.

முடிவில் சிறுவன் மூழ்கிச் சாகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 1936-ல் 'சபோடாஜ்' படத்தில், குண்டு இருப்பது தெரியாமல் அதைச் சுமந்துபோகும் பையனை வெடிப்பில் சாகவிட்டது தன் தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அத்தனை நேரம் அவனுக்காகப் பதறவைத்துவிட்டுக் கொன்றால் பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும். சிறுவனைக் கரை சேருங்கள்.

பேயையும் எடுத்துவிடுங்கள். இதை எடிட்டராக இல்லாமல் இந்த ஊர்க்காரனாகக் கேட்கிறேன். அந்த இரவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் ஜெபித்த இடத்தில் வெள்ளைப் புடவையை நடக்கவிடாதீர்கள்.

டிசம்பரில் படப்பிடிப்பு என்கிறீர்கள். வாடைக்காற்று அடிக்கிற நேரம், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். வள்ளக் காட்சிகளை மண்டபம் தென்கடல் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் எடுங்கள். கேமராவைத் தாழ்த்திக் கடல் பக்கம் வைத்தால் நடுக்கடலாகவே தெரியும். சிறுவனாக நடிக்கிற பையனுக்குச் சட்டைக்குள் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். அவன் அம்மாவைக் கரையில் நிற்கச் சொல்லுங்கள்.