பட்டம் வென்றவர்களுக்கு மைதானம் இல்லை

கேள்வி: சென்ற இதழில் பிரிட்டனின் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் லீக் பற்றி எழுதியிருந்தீர்கள். 2021-ல் பட்டம் வென்ற பீட்டர்பரோ அணி, 2023-க்குப் பிறகு ஓடவே இல்லை என்று அதில் ஒரு வரி வருகிறது. பார்க்க ஆள் இல்லை, மூடிவிட்டார்கள், அவ்வளவுதானே? டென்மார்க்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நாற்பது தாண்டியவர்களை வைத்து ஓட்டிய ஓர் அணிக்காக இத்தனை இரக்கம் எதற்கு?
— வாசகர், ஈரோடு

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பது தாண்டியவர்கள் என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பருவத்தின் அழகே அதில்தான் இருந்தது.

2020-ல் கொரோனாவால் லீக் நடக்கவே இல்லை. 2021 மே மாதம் மறுபடி தொடங்கியபோது மேல்மட்டப் பிரிவான பிரீமியர்ஷிப்பில் மிஞ்சியிருந்தவை ஆறே அணிகள்: பெல் வூ, இப்ஸ்விச், கிங்ஸ் லின், பீட்டர்பரோ, ஷெஃபீல்ட், வுல்வர்ஹாம்ப்டன். பீட்டர்பரோவின் பட்டியலைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஸ்காட் நிக்கோல்ஸுக்கும் பியார்னே பெடர்சனுக்கும் 43 வயது. ஹான்ஸ் ஆண்டர்சனுக்கும் உல்ரிக் ஓஸ்டர்கோர்டுக்கும் 40. கிறிஸ் ஹாரிஸ் 38. எதிரணிகளில் இவர்களைவிட இருபது வயது இளையவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் இரண்டு கட்டமாக நடந்த இறுதிப் போட்டியில் இந்தப் 'பெரியவர்கள்' பெல் வூவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். 1999, 2006-க்குப் பிறகு பீட்டர்பரோவுக்கு மூன்றாவது மேல்மட்டப் பட்டம் அது. 2006 அணியிலும் ஆண்டர்சன் இருந்தார். பதினைந்து வருட இடைவெளியில் ஒரே ஊருக்காக இரண்டு முறை பட்டம் வென்றவரைச் 'சம்பளத்துக்கு வந்தவர்' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த விளையாட்டில் வயதுக்கு என்ன வேலை என்று புரிய, ஓட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. நான்கு பேர் ஒரு நாடாவுக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். நாடா மேலே பறந்ததும் நான்கு பேரும் ஒரே வளைவை நோக்கிப் பாய வேண்டும். இடப்பக்கமாக நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம், முடிந்தது. வளைவில் பின்சக்கரம் வெளிப்பக்கம் வழுக்கிப் போகும், ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருக்கும், வண்டி மட்டும் இடப்பக்கம் போகும். இடது காலை நீட்டித் தரையில் தேய்த்துக்கொண்டே போவார்கள். அந்த பூட்ஸுக்கு அடியில் எஃகுத் தகடு மாட்டியிருக்கும். வேகத்தைக் குறைக்க இருப்பது வழுக்கலும் த்ராட்டிலும் மட்டுமே. தடத்தில் போட்டிருக்கும் சரளைத் துகள் ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் ஓட்டத்தில் உள்விளிம்பில் கிடைத்த பிடிமானம் எட்டாவது ஓட்டத்தில் வெளிவேலி ஓரமாகப் போயிருக்கும். அதைக் கண்ணால் படித்து, அடுத்த ஓட்டத்துக்குள் பற்சக்கரத்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். அங்கேதான் நாற்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரை முந்துகிறார்.

அப்புறம் ஜோடி ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இருவர். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்து 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். இருவரும் முன்னால் போனால் 5-1. பதினைந்து ஓட்டங்களில் இரண்டு மூன்று 5-1 கிடைத்தாலே ஆட்டம் கையை விட்டுப் போகாது. முன்னால் போகிறவர் தன் வெற்றியை மட்டும் பார்த்தால் இது கிடைக்காது. திரும்பிப் பார்த்து, வேகத்தைத் தணித்து, வெளிப்பாதையை அடைத்து, பின்னால் வரும் தோழனை உள்ளே விட வேண்டும். பிரேக் இல்லாத வண்டியில் இதைச் செய்ய எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹாரிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2007-ல் கார்டிஃபில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ இறுதி ஓட்டத்தில், கடைசி வளைவு வரை முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அமெரிக்காவின் கிரெக் ஹான்காக். ஹாரிஸ் விடாமல் துரத்தி வந்து, அந்தக் கடைசி வளைவில் கடந்து வென்றார். அதே வருடம் கவென்ட்ரி அணியோடு லீக் பட்டம், 2010-ல் மறுபடியும். பிறகு 2021-ல் பீட்டர்பரோவோடு. கவென்ட்ரி அணி ஓடிய பிராண்டன் மைதானம் 2016 பருவத்தோடு மூடப்பட்டது. பீட்டர்பரோவின் கண்காட்சித் திடல் 2023-ல். ஹாரிஸ் இந்தப் பட்டங்களை வென்ற இரண்டு வீட்டு மைதானங்களிலும் இன்று பந்தயம் இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 'பார்க்க ஆள் இல்லை, மூடிவிட்டார்கள்' என்பதை அடித்துவிடுங்கள். பீட்டர்பரோ அணி 1970 முதல் ஓடியது வேளாண் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான கண்காட்சித் திடலில். அந்த இடத்தில் வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். 2023-க்கு மேல் பந்தயத்துக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. பட்டத்துக்குப் பின் வந்த இரண்டு பருவங்களும் அணிக்குக் கைகொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடைசி இடத்துக்கு வந்ததற்காக யாரும் அணியை மூடவில்லை. அதே 2023-ல் வுல்வர்ஹாம்ப்டனும் போனது. அந்த மைதானம் நாய்ப் பந்தயம் நடத்தும் சூதாட்ட நிறுவனத்தின் சொத்து. அவர்கள் ஸ்பீட்வேக்கு இனி இடமில்லை என்றார்கள். அந்த வருடம் ஏழு அணிகள் இருந்த லீக்கில் இரண்டு அணி ஒரே இலையுதிர் காலத்தில் தெருவுக்கு வந்தன. 2019 சாம்பியன் ஸ்விண்டன் என்ன ஆனது? கோப்பை வாங்கிய அந்தப் பருவமே அவர்களுடைய கடைசிப் பருவம். 2020 கொரோனாவில் போக, மைதானம் திரும்பக் கைக்கு வரவே இல்லை. 2019-ல் முதலிடம் வந்தவர்களும் 2021-ல் முதலிடம் வந்தவர்களும் இன்று ஓடவில்லை என்றால், நீங்கள் சொல்லும் சந்தைத் தீர்ப்பு யாரைத்தான் தண்டிக்கிறது?

வாடகை வீட்டுக்காரன் நிலைமைதான் இது. மாதாமாதம் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாலும், இடித்துக் கட்டப்போகிறேன் என்று சொந்தக்காரர் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது இன்று வந்த வியாதியும் அல்ல. 1965-ல் இரண்டு லீக்குகளைச் சேர்த்துப் பதினெட்டு அணிகளோடு பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது முதல் பட்டத்தை வென்றது கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் அணி. 1972-ல் அந்த மைதானத்தை இடித்துக் குடியிருப்பு கட்டினார்கள். ஸ்பீட்வேயை வளர்த்தெடுத்தவர், வெஸ்ட் ஹாமை நடத்தியவர் ஜானி ஹாஸ்கின்ஸ். அங்கே ஒரு சந்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாட்டை எடுத்துவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் நட்டு வைப்பது மரியாதை ஆகாது.

ஸ்பீட்வே நடத்துகிறவர்கள் மேல் தவறே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். அங்கே ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு சராசரிப் புள்ளி உண்டு. ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால், குளிர்காலத்தில் லீக் நிர்ணயிக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப் போடாமல் இருக்க வந்த விதி, நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஓர் அணி நன்றாக ஓடினால் எல்லோருடைய சராசரியும் ஏறும். ஏறினால் அடுத்த வருடம் அதே ஏழு பேரைச் சேர்த்து வைக்க முடியாது. வென்றதற்காகவே அணியைக் கலைக்க வேண்டி வருகிறது. ஒரு சிறுவன் ஒரு பருவம் முழுக்க வேலியோரம் நின்று ஏழு பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பான். அடுத்த வசந்தத்தில் அவர்களில் நான்கு பேர் வேறு ஊர்ச் சட்டையில் வந்து நிற்பார்கள். இதை வருடா வருடம் செய்துகொண்டே ஊர்ப்பற்று குறைகிறது என்று புலம்புவதில் நியாயம் இல்லை. ஆறே அணிகள் இருந்தால் அதே எதிரணியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு குறை.

வெளிநாட்டு ஓட்டுநர்கள் விஷயத்தில் உங்களோடு நான் முழுக்க வேறுபடுகிறேன். இந்த விளையாட்டின் வாரமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. வெள்ளியும் ஞாயிறும் போலந்து, செவ்வாய் ஸ்வீடன், திங்களும் வியாழனும் இங்கிலாந்து. பெரும் பணம் போலந்தில் இருக்கிறது. ஒரு டேனிஷ்காரர் ஞாயிறு இரவு போலந்தில் ஓட்டிவிட்டு, விமானம் பிடித்து, திங்கள் மாலை பீட்டர்பரோ தடத்தில் வந்து நிற்கிறார். என்ஜின், டயர், மெக்கானிக், பயணம் எல்லாம் அவர் சொந்தப் பொறுப்பு. விழுந்து எலும்பு முறிந்தால் வருமானமும் அன்றோடு நிற்கும். கூலிக்காரன் என்ற சொல் இந்த மனிதருக்குப் பொருந்தாது.

சரி, வேறு வழி இருக்கிறதா என்றால், மான்செஸ்டரைப் பாருங்கள். பெல் வூ அணி தன் பழைய ஹைட் ரோடு மைதானத்தை 1987-ல் இழந்தது. அதன்பிறகு வெகுகாலம் அருகில் இருந்த நாய்ப் பந்தய மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். 2016-ல் நகராட்சி தன் விளையாட்டு வளாகத்தில் ஸ்பீட்வேக்கென்றே ஒரு மைதானத்தைக் கட்டித் திறந்தது. தொடக்கம் படுமோசம். திறப்பு விழா இரவிலேயே தடம் ஓட்டத் தகுதியில்லை என்று பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். முதல் வருடத்துக்குள் நடத்தியவர்கள் பணச் சிக்கலில் விழுந்து வெளியேறினார்கள். வேறோர் ஊராக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். இங்கே மைதானம் பொதுச் சொத்து என்பதால், புதிய ஆட்கள் வந்து எடுத்து நடத்த முடிந்தது. 2021 இறுதியில் பீட்டர்பரோவிடம் தோற்ற அதே பெல் வூ, 2022-ல் பட்டம் வென்றது. 1993-க்குப் பிறகு முதல் பட்டம். 2024-ல் இன்னொன்று. தோற்ற அணிக்கு மறு வருடம் ஓட இடம் இருந்தது, தவறு செய்து திருந்த அவகாசம் இருந்தது. தோற்கடித்த அணிக்கு இரண்டும் இல்லை.

இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் இதற்கு விதியே எழுதப்பட்டிருக்கிறது. விளையாட்டு இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால், அந்த இடம் தேவைக்கு மிஞ்சியது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்கு ஈடான அல்லது மேலான இடத்தை வேறெங்காவது தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் இழப்பைவிடப் பெரிய பலனுள்ள வேறு விளையாட்டு வசதியைத் தர வேண்டும். பிராண்டனில் வீடு கட்டக் கேட்ட விண்ணப்பத்தை உள்ளூர் மன்றம் மறுத்தது. அதற்காக ரசிகர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். ஆனால் அதற்குள் காலியாகக் கிடந்த மேடைகளைச் சமூக விரோதிகள் நாசம் செய்துவிட்டார்கள். முதலில் பந்தயத்தை நிறுத்திவிடுவது, இடம் பாழடையும் வரை விட்டுவிடுவது, பிறகு 'இங்கே யாரும் விளையாடுவதில்லையே' என்று வந்து நிற்பது: இந்த வரிசையைத்தான் நான் குற்றம் சாட்டுகிறேன். மாற்று இடம் தயாராகி அங்கே முதல் பந்தயம் ஓடும் வரை பழைய தடத்தை மூடக் கூடாது என்று மன்றங்கள் எழுத்தில் நிபந்தனை போட வேண்டும். லீக்கும் ஓர் அணிக்கு உரிமம் கொடுக்கும்போது, கையில் எத்தனை வருடக் குத்தகை இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஓட்டுநர்களின் சராசரிக் கணக்கை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.