ஊட்டியில் சரித்திரம் உள்ள உணவகம் உண்டா?

வெளிநாடுகளில் பழைய உணவகங்களைத் தேடிப் போகிறார்களே, ஊட்டியில் அப்படி எது என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்ரிட்டின் போட்டின் உணவகம் 1725-இல் தொடங்கியது. உலகிலேயே பழையது என்று கின்னஸ் பதிவு. அந்த வயதை இங்கே தேட வேண்டாம். ஊட்டியை நகராக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் இங்கே கல்வீடு கட்டியதே 1820களில்தான்.

நான் சொல்வது கமிஷனர்ஸ் ரோட்டு ஷின்கோஸ். 1954-இல் ஒரு சீனக் குடும்பம் தொடங்கியது. ஆடம்பரம் கிடையாது. குளிரில் நடந்துபோய்ச் சூடான சூப்பில் தொடங்குங்கள், அப்புறம் நூடுல்ஸ்.

ஸ்னூக்கர் விதிகள் உருவான ஊட்டி கிளப்பும் பழையதுதான். ஆனால் உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஊட்டியின் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டமான வர்க்கி? அதற்கு உணவகமே வேண்டாம், பேக்கரி போதும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டீயில் முக்கி, ஊறிக் கரைவதற்குள் வாயில் போட்டுவிடுங்கள்.