கொக்கி ஏன் கையில் நிற்கவில்லை?

கேள்வி: வயது 43. இருபது வருடமாகக் கம்பி கட்டும் வேலை. எடை 54 கிலோ. ஆறு மாதமாக மதியத்துக்கு மேல் வலது கையின் பிடி தளர்ந்து, கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கி நழுவுகிறது. நாள் முழுக்கக் கையால்தானே வேலை செய்கிறேன், பலம் எப்படிக் குறையும்? ஜிம்முக்குப் போகலாமா?

பதில்: ஜிம் இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே அசந்துபோன கைக்கு அது இன்னொரு சுமைதான். வயசாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். கைப்பிடி பலம் 25 முதல் 40 வயது வரை உச்சத்தில் இருந்து, பிறகு மெதுவாகத்தான் இறங்கும். ஆறே மாதத்தில் இப்படித் தளர்ந்தால் வேறு காரணம் இருக்கிறது.

முதலில் நரம்பைப் பாருங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையில் கோளாறு இருக்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை ஒப்பிடுங்கள். வலப்பக்கம் குழிந்திருந்தால் தாமதிக்காமல் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தத் தசை ரொம்பவும் கரைந்தபின் முழுதாகத் திரும்புவது கடினம். சர்க்கரையையும் தைராய்டையும் கூடவே பரிசோதித்துவிடுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் கைப்பிடி அளக்கும் டைனமோமீட்டர் இருக்கும். உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, ஒவ்வொரு கையிலும் மூன்று முறை அழுத்துங்கள். அதிகபட்ச எண்தான் கணக்கு. ஆசிய ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம். வலக்கைக்காரருக்கு வலது பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். உங்களுக்கு இடதைவிடக் குறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உயரமும் எடையும் முன்கைப் பருமனும் கூடினால் இந்த எண்ணும் கூடும். அதனால் பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது மணிக்கட்டு. அதை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், முடியாது. விரல்களை இழுக்கும் தசைநார் தொய்ந்துவிடுகிறது. தரையில் விரித்த கம்பியைக் குனிந்து கட்டும்போது நாள் முழுக்க நடப்பது இதுதான். ஒரு பலகை போட்டு மண்டியிட்டு, மணிக்கட்டு நேராகவோ சற்றுப் பின்னால் சாய்ந்தோ இருக்கும்படி கட்டுங்கள். கொக்கியின் பிடி மெல்லிய கம்பியாக இருந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றி 3 முதல் 4 செ.மீ. தடிமனாக்குங்கள். பிடிக்குள் கம்பி தானாகச் சுழலும் கொக்கி கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு முடிச்சுக்கும் மணிக்கட்டைத் திருக வேண்டியதில்லை.

சாப்பாடு: உங்கள் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். சோறு, ரசம், டீ, வடையில் அது சரியாகச் சேராது. இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் பொட்டுக்கடலையில் 10 கிராம் போல் கிடைக்கும்.

பயிற்சியில் ஒன்றே ஒன்று செய்தால் போதும். விரல்களை மூடும் தசைதான் உங்களுக்கு நாள் முழுக்க உழைக்கிறது, திறக்கும் தசைக்கு அந்த அளவு வேலை இல்லை. ஐந்து விரல் நுனிகளையும் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி, மெதுவாக விரித்து மூடுங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன். வலித்தாலோ மரத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

கை திடீரென்று விழுந்து, கூடவே வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.