பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி எடுத்தால் போதுமா?

அண்ணே, உசிலம்பட்டியில் மழையில் நனைந்த 20 மூட்டைக் கடலையில் பச்சைப் பூஞ்சை பிடித்ததை மட்டும் பொறுக்கிவிட்டுச் செக்குக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்று இருக்கும் பருப்பிலும் இருக்கலாம். அதுவும் சீராகப் பரவாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குவிந்திருக்கும். அதனால் ஆய்வகத்தில் சோதிக்க மேலாக ஒரு கை அள்ளிக் கொடுத்தால் சோதனையே வீண். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு எடுத்து, மொத்தமாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரியுங்கள். அதுவரை நன்றாகக் காயவையுங்கள். காயைக் காதோரம் குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். அப்புறம், முடிவு வரும்வரை புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள். நஞ்சில் பெரும்பங்கு அதில்தான் தங்கும், பால் வழியாகப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும்.