எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள்: மூடித் தண்ணீரும் நாடித் துடிப்பும்

கேள்வி: எனக்கு வயது 41. திருமங்கலத்தில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். 112 கிலோ இருந்தேன், சர்க்கரையும் உண்டு. மதுரையில் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் செய்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று ஒன்பதாம் நாள். ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள், அது சரிதானா? தோள்பட்டை வலித்தது, இப்போது குறைந்திருக்கிறது. தண்ணீர் குடித்தாலே நெஞ்சை அடைக்கிறது. இரண்டு நாளாக எடை இறங்கவே இல்லை. மாமியார் ஆட்டுக்கால் சூப்போடு நிற்கிறார். ஏன் செய்துகொண்டோம் என்று சில ராத்திரி அழுகை வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. என் கணவர்தான் தாய்மாமன். போகலாமா? எப்போது மிஷினில் உட்காரலாம்? சொந்தக்காரர்களிடம் ‘குடலிறக்கம்’ என்றுதான் சொல்லியிருக்கிறோம்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அம்மா, மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுசாக நாடியை எண்ணுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிப் பீரோவில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் அதை எடுத்து விரலில் மாட்டினாலும் சரி. நூறுக்குள் இருந்தால் நிம்மதியாகப் படியுங்கள். நூறைத் தாண்டி அப்படியே நின்றால் இன்றைக்கே உங்கள் சர்ஜனிடம் பேசுங்கள். 120-ஐத் தாண்டினால் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வண்டி ஏறிவிடுங்கள்.

ஏன் இதையே முதலில் சொல்கிறேன்? ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக ஆக்கி, நீளவாக்கில் பின் அடித்து மூடுகிறார்கள். நீங்கள் தையல்காரர், உங்களுக்கு விளக்கமே வேண்டாம்: நீளத் தையலில் எங்காவது ஒரு இடம் விட்டுப் போகலாம். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அப்படிக் கசிவு வரும். வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும், அதாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது. உடம்பு கனமானவர்களுக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம். வலி, காய்ச்சலுக்கு முன்னாலேயே பல நேரம் நாடி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்த ஒரு மாதம் காலையும் மாலையும் நாடியை எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அதன் முறை பிறகு வரும்.

சாயங்காலமே நடக்க வைத்தது ரொம்பச் சரி. நம் ஊரில் ஆபரேஷன் என்றால் அசையாமல் படுப்பதுதான் மரியாதை என்று ஒரு நினைப்பு. நோயாளி எழுந்து நின்றால் பார்க்க வந்தவர்களுக்கே பதறுகிறது. ஆனால் பருத்த உடம்போடு அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறையும், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியும், காலில் மாட்டிய இறுக்கமான சாக்ஸும் அதைத் தடுக்கத்தான். ஊசி போட்ட இடத்தில் நீலம் பாரித்திருந்தால் பயப்பட வேண்டாம், தானே மறையும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்திருப்பார்களே? வார்டில் பாதிப் பேர் அதை பலூன் போல ஊதிக்கொண்டிருப்பார்கள். பந்து மேலே வராது, கருவி ரிப்பேர் என்று நர்ஸிடம் சண்டை வேறு. அது ஊதுவதற்கு அல்ல, மூச்சை உள்ளே இழுப்பதற்கு. நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து, சளி கட்டாமல் இருக்க அதுதான் வழி. இன்னும் ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள்.

தோள்பட்டை வலி உங்களை மட்டும் பிடித்ததல்ல. சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்து உப்ப வைக்கிறோம். மிச்ச வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் ஒரே நரம்புத் தொடர்பு என்பதால் வலி தோளில் தெரியும். நாளுக்கு நாள் குறைந்தால் கவலை இல்லை. குறைந்த வலி திரும்ப, அதிலும் இடது தோளில், காய்ச்சலோடோ வேகமான நாடியோடோ வந்தால் அது வாயு இல்லை, மேலே சொன்ன கசிவாக இருக்கலாம்.

இனி தண்ணீர். ஆபரேஷனுக்கு முன் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பை, இப்போது டீக்கடை கிளாஸில் ஒரு டீ அளவுக்குத்தான் கொள்ளும். உள்ளே வீக்கம் வடியாததால் அதுகூட முழுசாக இல்லை. நீங்களோ பழைய பழக்கத்தில் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணாந்து குடித்தால் தண்ணீரோடு காற்றும் போகும், நெஞ்சை அடைக்கத்தான் செய்யும். செம்பை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, இருமல் மருந்துப் பாட்டிலின் 10 மில்லி மூடியை எடுங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு இருந்தால் அதுவும் நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மூடி, வாய் வைத்து உறிஞ்சி. கால் மணிக்கு 30 மில்லி, ஒரு மணிக்கு 120 மில்லி. காலை ஆறிலிருந்து இரவு ஏழு வரை விடாமல் போனால் ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருக்கும். கேட்கச் சுலபம், செய்வது முழுநேர வேலை. இந்த மாதம் உங்கள் வேலையே அதுதான்.

சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் தண்ணீர் போதும். கெட்டியான டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, எழுந்தால் கிறுகிறுத்தாலோ போதவில்லை. ஒரு மூடித் தண்ணீர்கூட நாலைந்து மணி நேரம் தங்காமல் வெளியே வந்தால், ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டால் தெம்பாகிவிடும்’ என்பார்கள். நாள்கணக்காக வாந்தி எடுப்பவர்களுக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை நகல் எடுத்துக் கைப்பையில் வைத்திருங்கள். யார் ஊசி எடுத்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

சூப் விஷயத்தில் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது அவர் பாசம். வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து, காரம் மிளகு குறைத்து மூடி மூடியாகக் குடிக்கலாம். ஆனால் எலும்புச் சூப்பில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன், தசைக்கு வேண்டிய முழுப் புரதம் அதில் இல்லை. அதைக் குடித்துவிட்டு ‘இன்றைக்குச் சத்து போயிற்று’ என்று கணக்கு முடித்துவிடக் கூடாது. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு லிட்டர் பாலில் 30 கிராம் சொச்சம்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். ஆடை எடுத்த பால், மோர், வடித்த பருப்புத் தண்ணீர், இவற்றோடு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சர்க்கரை சேர்க்காத புரதப் பவுடரும் இல்லாமல் எட்டாது. பொதுவாக இரண்டு வாரம் இப்படித் திரவம், பிறகு இரண்டு வாரம் மசியல், அதன் பிறகு குழைந்த சாதம், அவித்த முட்டை, முள் எடுத்த மீன். உங்கள் சர்ஜன் கொடுத்த அட்டவணையில் நாள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதையே பின்பற்றுங்கள். திடமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி இடைவெளி வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஜிகர்தண்டாவும் பருத்திப் பாலும் நீர் ஆகாரம்தானே என்று கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டும் இனிப்பு. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ஊற ஊற உப்பும் சாமான் வேறு. இந்த இரைப்பைக்கு அது இப்போது வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையைக் குறைத்து அனுப்பியிருப்பார்கள். பழைய சீட்டைப் பார்த்து முழு டோஸும் போட்டுவிடாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். வீட்டிலேயே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடித்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம், இரைப்பையில் புண் வரும். அமிலத்துக்கான மாத்திரையையும் வைட்டமின்களையும் நிறுத்தாதீர்கள். வைட்டமின் ஆயுசுக்கும் உண்டு. இன்னொன்று: எடை இறங்கும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும். ஒன்றரை வருடத்துக்காவது கர்ப்பம் வேண்டாம், தடுப்பு முறையை மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

எடை ஏன் நின்றது? ஆஸ்பத்திரியில் ஏற்றிய ட்ரிப்ஸ் தண்ணீரே ஒன்றிரண்டு கிலோ இருக்கும். பிறகு முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது முடிந்து உடம்பு கொழுப்பைக் கரைக்கத் திரும்பும் சமயத்தில் முள் சில நாள், சில பேருக்கு இரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னது இதற்காகவும்தான். மூன்றாம் மாதவாக்கில் பலருக்குத் தலைமுடி கொத்தாகக் கையோடு வரும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். புரதமும் இரும்புச் சத்தும் சரியாகப் போனால் திரும்ப முளைத்துவிடும்.

அழுகையைப் பற்றி ஒரு வரியில்தான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் மனதில் நின்றது. பசி எடுக்கவில்லை, ஆனால் அடுப்படியில் தாளிக்கும் வாசம் வந்தால் நாக்கு கேட்கிறது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது நீங்கள் மூடியும் கையுமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வாரங்களில் ‘ஏன் செய்தோம்’ என்று கேட்காத நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. மசியல் கட்டம் வந்ததும் பெரும்பாலும் தணியும். தணியாமல் தூக்கம் கெட்டு, எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரம் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை தோன்றினாலும்கூட, கணவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். அது பலவீனம் இல்லை, வைத்தியத்தில் ஒரு பகுதி.

குடலிறக்கம் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் உடம்பு, உங்கள் ரகசியம். டாக்டரிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள், விசேஷத்துக்கு வரும் யாராவது ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும். உசிலம்பட்டிக்குப் போகலாம், நாடி நன்றாக இருந்தால். தாய்மாமன் வீட்டுக்காரி வராவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த காதுகுத்து வரை ஓடும் என்று எனக்கும் தெரியும். காரில் போங்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு வேண்டாம். சீர்த்தட்டு வேறு யாராவது தூக்கட்டும். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது, காது குத்தி அழுகிற பிள்ளையையும் சேர்த்துத்தான். மொட்டை போட்டு, காது குத்தி, மொய் எழுதியதும் கிளம்பிவிடுங்கள். பந்தி பக்கம் போகாதீர்கள். உட்கார்ந்தால் இலை போடுவார்கள், இலை போட்டால் கறிக்குழம்பு வரும், ‘ஒரு வாய்’ என்று நாலு பேர் நிற்பார்கள். குடலிறக்கக் கதை அங்கேதான் உங்களுக்கு உதவும்: ‘டாக்டர் கஞ்சித் தண்ணிதான் சொல்லியிருக்கார்’ என்று சொல்லிவிடுங்கள்.

மிஷின்: மோட்டார் வைத்தது என்றால் அடுத்த வாரக் கடைசியில் அரை மணி அரை மணியாக உட்காரலாம். ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து வாசல் வரை நடங்கள், மூடித் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கால் மிஷின் என்றால் நாலு வாரம் பொறுங்கள். உங்கள் ரவிக்கைகளை இப்போதே வெட்டிப் பிடிக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒரு ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வாருங்கள், மாதா மாதம் பிரித்து உள்ளே தள்ளிப் போட வேண்டியிருக்கும்.